செல்லசாமியின் தராசும் சிவப்புத் தோணியும்

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையோரத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்த செல்லசாமிக்கு இரண்டு பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே ‘கணக்கப்பிள்ளை ஐயா.’ முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயரை அச்சில் போட முடியாது.

கவ்வாத்துக் கத்தியோடு தேயிலையை வெட்டித்தான் அவரும் பிழைப்பைத் தொடங்கினார். தோட்டத்துத் துணை அதிகாரியான சின்னத் தொரைக்கு அவரைப் பிடித்துப்போனது. சொன்னதைச் செய்வார், ஏன் என்று கேட்கமாட்டார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. கத்தி பிடித்த கைக்குப் பேனா வந்தது. பேனாவோடு சேர்ந்து சட்டைக்கு இஸ்திரியும் மீசைக்கு மையும் வந்தன. கூடவே வளர்ந்த பெண்களை ‘ஏ, இங்க வா’ என்று கூப்பிடும் ஒரு குரலும் வந்து சேர்ந்தது. அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் பட்டப்பகலிலேயே பிடித்தார்.

அவருடைய அரசாங்கம் மடுவத்தில் நடந்தது. மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அங்கே கொக்கியில் ஒரு வட்டத் தராசு தொங்கும். பெண்கள் பையைக் கொண்டுவந்து மாட்ட, செல்லசாமி முள்ளைப் பார்த்து எடை சொல்வார். சாக்குக்கும் தண்ணீருக்குமென்று ஒவ்வொரு பையிலும் இரண்டு கிலோ கழிப்பது ஊரறிந்த வழக்கம். வெயிலில் கொழுந்து அப்பளமாய்க் காய்ந்திருந்தாலும் தண்ணீருக்குக் கழிவு உண்டு. இது வெளிப்படையான கொள்ளை, ஆகவே அதற்குப் பெயர் சட்டம்.

மறைவான கொள்ளை தராசின் வயிற்றுக்குள் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் பழுது பார்ப்பதாகச் சொல்லி அதைக் கழற்றிக்கொண்டு போனவர்கள், உள்ளே இருந்த சுருள்கம்பியை மாற்றிக் கொண்டுவந்து மாட்டினார்கள். அன்றிலிருந்து பத்துக் கிலோவைத் தொங்கவிட்டால் முள் ஒன்பதில் நின்றது. பத்துக்கு ஒன்று. வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஆட்களில் அது தெரிந்த ஒரே ஆள் செல்லசாமிதான். சின்னத் தொரை அவர் தோளில் கை போட்டு விஷயத்தைச் சொன்னார். தொரை தன் தோளில் கை போட்டதுதான் செல்லசாமிக்குப் பெரிதாகத் தெரிந்தது. சொன்ன விஷயம் சின்னதாகிப்போனது.

பெண்களுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. மலையேறிச் சுமக்கிற முதுகுக்குத் தெரியாத எடை எந்தத் தராசுக்குத் தெரியும்? குறித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அரைப்பேர் வாங்கியவள் லயத்துக்குப் போகிற வழியெல்லாம் செல்லசாமியின் ஏழு தலைமுறையையும் கழுவி ஊற்றிக்கொண்டு போவாள். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. வீட்டில் ஒருத்தி நம்பினால் போதும்.

அந்த ஒருத்தி அவர் மனைவி சண்முகவடிவு. அவளும் கொழுந்து பறிப்பவள்தான். அவள் பை தராசில் ஏறும்போது மட்டும் செல்லசாமி எல்லோருக்கும் கேட்கச் சொல்வார்: “சாக்குக்கும் தண்ணிக்கும் மூணு கிலோ.” மற்றவர்களுக்கு இரண்டு, கட்டினவளுக்கு மூன்று. வடிவுக்கு அதில் ஒரு பெருமை. “பொண்டாட்டின்னு கூடப் பாக்கமாட்டாரு, அவ்வளவு நேர்மை” என்று குழாயடியில் சொல்லிச் சொல்லி அவள் நாக்கு தேய்ந்தது.

வடிவின் தங்கை பேச்சியம்மா அதே தோட்டம், குடியிருந்தது அதே லயத்தின் கடைசிக் காம்பராவில். ஒருநாள் அவள் மடுவத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

“மச்சான், ஒங்க தராசு பொய் சொல்லுது.”

செல்லசாமி வாய் திறப்பதற்குள் வடிவு கூடையை இறக்கி வைத்தாள். நேராகப் போய்த் தங்கையின் கன்னத்தில் அறைந்தாள். “எம் புருசன கள்ளன்னா சொல்ற?” என்று கேட்டாள். பேச்சியம்மா திருப்பி அடிக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்லசாமி பேனாவோடு பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்குப் பேச்சியம்மாவுக்கு அரைப்பேர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். வடிவு அழுது வீங்கின கண்ணோடு கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மனிதர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். “அவளுக்கு நல்லா குடுத்த” என்று வேறு சொன்னார்.

அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசவில்லை. பேச்சியம்மா மகளின் கலியாணத்துக்கு வடிவு போகவில்லை, பத்திரிகையும் வரவில்லை. செல்லசாமி இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தார். உண்மையைச் சொன்னால் தங்கை திரும்பிவிடுவாள், ஆனால் பொண்டாட்டி போய்விடுவாள் என்பது அவர் போட்ட கணக்கு. அவள் வைத்த அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவர் பயந்து பயந்து காத்த சொத்து.

இந்தச் சமயத்தில்தான் தோணி ஆசை வந்தது. தோட்டத்துக்குக் கீழே நீர்த்தேக்கக் கரையில் கூடாரம் போட்டுத் தங்கும் இடம் ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்கள் இரண்டு பேர் துடுப்பு போடும் தோணியில் நடுத்திட்டுக்குப் போய் இராத் தங்க விரும்பினார்கள். அவர்களுக்குத் துணையாகக் கூடாரத்தையும் அரிசி, சட்டி பானையையும் இன்னொரு தோணியில் ஏற்றிப் போய்ச் சமைத்துப் போட ஒரு புருசன் பெண்சாதி வேண்டும், தோணி சொந்தமாக இருக்க வேண்டும் என்றார் அந்த இடத்து மேனேஜர்.

செல்லசாமிக்குப் பென்சன் நெருங்கிக்கொண்டிருந்தது. வடிவோ எதிர்க்கரையில் பிறந்தவள். சின்ன வயதில் படகில்தான் பள்ளிக்கூடம் போனாள். நீச்சலும் தெரியும், துடுப்பும் தெரியும். முதுகில் கூடை இல்லாமல் தண்ணீரில் போகிற நினைப்பே அவளைப் பத்து வயது குறைத்தது. மேனேஜரின் தோணியில் இருவரும் பழகிப் பார்த்தார்கள். செல்லசாமிக்கு நீச்சல் தெரியாது. ஆனால் பின்னால் உட்கார்பவர்தான் தோணியைத் திருப்புவார் என்று கேட்டதும் பின் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்களை மேய்க்கும் கங்காணி எப்போதும் வரிசைக்குப் பின்னால்தானே நடப்பான்.

“புதுசு வாங்குனா கட்டாது,” என்றார் மேனேஜர். “நானுஓயாவுல ஒரு இஞ்சினியர் ஐயா பழைய தோணி ரெண்டு விக்கிறாரு. போறதுக்கு முன்னால ஒங்க ரெண்டு பேரு எடையும் சாமான் எடையும் பாத்துக்கிட்டுப் போங்க. அத வச்சுத்தான் எந்தத் தோணின்னு சொல்லுவாரு.”

“எடைக்கா பஞ்சம்?” என்று வடிவு சிரித்தாள். “ஊருக்கே நிறுத்துக் குடுக்குற ஆளு வீட்டுலயே இருக்காரு.”

“ஹட்டன்ல பாமசியில எட பாக்குற மிசின் இருக்கு, அங்க ஏறிக்கலாம்” என்றார் செல்லசாமி.

“சொந்தத் தராச வச்சுக்கிட்டு ஹட்டனுக்கு ஏன் போகணும்? ஒங்க தராசுல இல்லாத நேர்மையா அந்த மிசின்ல இருக்கு?”

மறுநாள் கொழுந்து நிறுத்து முடிந்ததும், பெண்கள் கலையாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, வடிவு ஒரு படங்குச் சாக்கைத் தொட்டில்போலக் கட்டிக் கொக்கியில் மாட்டினாள். முதலில் அவளே ஏறிக் காலைத் தூக்கிக்கொண்டாள். முள் ஐம்பத்துநான்கில் நின்றது. “சாக்குக்கும் தண்ணிக்கும் கழிக்கலையா ஐயா?” என்று யாரோ கேட்க, மடுவமே சிரித்தது. அடுத்து செல்லசாமி ஏறினார். இஸ்திரி போட்ட சட்டையோடு கணக்கப்பிள்ளை கொழுந்துப் பைபோலத் தொங்கிச் சுற்றியதைப் பார்த்துச் சிரிக்காதவள் பேச்சியம்மா ஒருத்திதான். அவள் முள்ளைப் பார்த்தாள். எழுபத்திரண்டு. அடுத்துக் கூடாரம், அரிசி, அடுப்பு. நாற்பத்தைந்து.

“எல்லாஞ் சேத்து நூத்தி எழுவத்தொண்ணு” என்று வடிவு மனக்கணக்காகச் சொன்னாள். பேச்சியம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நானுஓயாவுக்கு அழகனின் சின்ன லொறியில் போனார்கள். அழகன் அதே லயத்துப் பிள்ளை. அவன் பெண்சாதியும் கொழுந்து பறிப்பவள். வாயில் இரகசியம் தங்காத ஆள் அவன். காதில் விழுந்தது பொழுது சாயுமுன் லயம் முழுக்க வந்துவிடும்.

தோணி விற்பவர் பெயர் இராசரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், நீர்ப்பாசனத்தில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் லீக்ஸும் கிழங்கும் போட்டிருந்தார். கொட்டகையில் இரண்டு பைபர் தோணிகள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்று நீளமான பச்சை, அடியில் ஒட்டுப் போட்டது. மற்றது குட்டையான சிவப்பு, புதுச் சாயத்தில் மினுமினுத்தது.

“சிவப்பு நாங்கள் கலியாணம் கட்டின புதிசில வாங்கினது,” என்றார் இராசரத்தினம். “பச்சை, நானும் மனிசியும் நல்லாப் பெருத்தாப் பிறகு வாங்கினது. கிலோவில வெக்கப்படக் கூடாது கண்டியளோ. இப்ப அவவுக்கு முழங்கால் ஏலாது, அதான் குடுக்கிறன்.”

வடிவு இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தாள். கட்டைவிரலால் அடிப்பகுதியை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பச்சையின் ஒட்டு கல்லுப்போல இருந்தது. புரட்டிப் புல்லில் வைத்து முன் இருக்கையில் உட்கார்ந்து, மடியில் துடுப்பு இருப்பதுபோல ஆட்டிப் பார்த்தாள். தட்டையான அடி, அகலமான வயிறு. “இது ஆடாதுங்க. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் பச்சைத் தோணி ஏற்கனவே நடுத்திட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

“பாரம் எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, அதில தெரியும்” என்றார் இராசரத்தினம். வடிவு நூற்றெழுபத்தொன்று என்றாள். அவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“அப்பிடியெண்டால் சிவப்பே தாங்கும். அது நூற்றெழுபத்தைஞ்சு வரைக்கும் பயமில்லாமல் போகும். ஆனால் உங்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் கணக்குச் சரியாத் தெரியேல்லை. எங்கை நிறுத்தனீங்கள்?”

“தோட்டத்துத் தராசுலங்க. இவருதான் நிறுக்குறவரு.”

“ஓ. சரி, இதிலையும் ஒருக்கா ஏறுங்கோவன்.” கிழங்கு மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைக் காட்டினார்.

வடிவு ஏறினாள். அறுபது. செல்லசாமி, மறுக்க வழி தெரியாமல், தூக்குமேடைக்குப் போகிறவனைப்போல ஏறினார். எண்பது. அழகன் லொறிக் கதவில் சாய்ந்துகொண்டு, பல் குத்துவதை நிறுத்தினான்.

வடிவு முள்ளைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். “என்னங்க இது? எனக்கு ஆறு கூடுது, ஒங்களுக்கு எட்டு கூடுது?”

திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் கத்தவா முடியும்? சாமானையும் சரியாகக் கூட்டினால் நூற்றுத்தொண்ணூறு, அதற்குச் சிவப்பு தாங்காது. பச்சையை வாங்கினால் இந்தத் தராசு சரி என்று ஆகும். இது சரியென்றால் மடுவத்துத் தராசு பொய். அதை அழகன் சாயங்காலமே லயத்தில் சொல்லுவான். வடிவோ இந்த நிமிடமே கேட்பாள். செல்லசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க தராசு கூட்டிக் காட்டுது.”

இராசரத்தினத்தின் முகம் சுண்டியது. “இது தை மாசம் அரசாங்க முத்திரை குத்தின தராசு. கூட்டிக் காட்டுறதுக்கு நான் என்ன கிழங்கு விக்கிற முதலாளியே? வீட்டுக்குத்தான் நிறுக்கிறன். தோட்டத்து ஆக்களோட கதைச்சு வெல்லேலாது. உங்கட விருப்பம், எதையெண்டாலும் கொண்டு போங்கோ.”

“சிவப்பக் குடுங்க” என்றார் செல்லசாமி.

“எனக்குப் பச்சதான் மனசுக்குப் பிடிச்சிருக்கு” என்றாள் வடிவு மெதுவாக.

“எட பாத்து முப்பது வருசமா சோறு திங்குறது நானா நீயா? நம்ம எடைக்குச் சிவப்பு போதும்.”

திரும்பி வரும்போது வடிவு லொறியின் பின்னால் சிவப்புத் தோணியோடு உட்கார்ந்து வந்தாள். அவள் சேமித்து வைத்திருந்த ஆசையை அந்த மனிதர் தன் பொய்க்குத் தீனியாகப் போட்டுவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்து அழகனுக்குத் தராசு சாஸ்திரம் சொல்லிக்கொண்டு வந்தார். எரிச்சலாக இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சாமான் எல்லாவற்றையும் ஏற்றி நடுத்திட்டைச் சுற்றி வந்து காட்ட வேண்டும், பிறகுதான் வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஞாயிறு என்பதால் பெண்கள் கரைக்கு வந்துவிட்டார்கள். பேச்சியம்மாவும் கொஞ்சம் தள்ளி நின்றாள். மேனேஜர் மிதவைச் சட்டை கொடுத்தார். வடிவு மாட்டிக்கொண்டாள். செல்லசாமிக்கு அது வயிற்றில் பூட்டவில்லை. “பாத்துக்கலாம்” என்று அதைக் கூடார மூட்டைக்குள் திணித்துவிட்டு, பின் இருக்கையில் மகாராசனாக உட்கார்ந்தார்.

தோணியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இருக்க வேண்டும். இருந்தது நான்கு விரல். வடிவு குனிந்து அதைப் பார்த்தாள். நிமிர்ந்து துடுப்பைப் போட்டாள்.

கரை ஓரம்வரை ஒன்றும் தெரியவில்லை. நடுவுக்கு வந்ததும் கணவாய்ப் பக்கமிருந்து காற்று இறங்கியது. சின்ன அலைதான். நான்கு விரலுக்கு அது போதும். ஒவ்வொரு அலையும் விளிம்பைத் தாண்டி ஒரு கை தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டுப் போனது. செல்லசாமியின் கால்சட்டை நனைந்தது. சட்டியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். அவர் அசைய அசைய இன்னும் வந்தது.

“மூட்டையத் தூக்கிப் போடுங்க” என்றாள் வடிவு, திரும்பாமல். முன்னால் இருப்பவள் திரும்பினால் தோணி கவிழும்.

பதற்றத்தில் அவர் கையில் முதலில் அகப்பட்டது கூடார மூட்டை. தூக்கிப் போட்டார். அது கொஞ்சத் தூரம் மிதந்து போனபிறகுதான், தன்னுடைய மிதவைச் சட்டை அதற்குள் போகிறது என்று ஞாபகம் வந்தது. “ஐயோ!” என்று கத்தினார். “வடிவு, கரைக்கு விடு! வேகமா போடு!”

வடிவு துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

“என்னடி செய்யிற?”

“நானுஓயாத் தராசுதான் சரி. அப்படித்தானே?”

“கரைக்குப் போயி பேசுவோம், போடு புள்ள!”

“கரைக்குப் போனா நீங்க கணக்கப்பிள்ள. இங்கயே சொல்லுங்க.”

இன்னொரு அலை வந்து அவர் மடியில் உட்கார்ந்தது. கரையில் இருந்தவர்கள் தீக்குச்சி அளவில் தெரிந்தார்கள். அவர் தன் துடுப்பைப் போட்டுப் பார்த்தார். தோணி வட்டமடித்ததே தவிர முன்னால் போகவில்லை. இவ்வளவு காலமும் தோணியைக் கரை சேர்த்தது முன்னால் இருந்தவளின் கைதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“பத்துக்கு ஒண்ணு” என்றார்.

“பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவா?”

“ஆமா. சின்னத் தொரை சொன்னாரு. நான் என்ன செய்ய?”

“பேச்சிய நான் அடிச்சனே, அப்பவுமா?”

“அப்பவும்தான்.”

“நீங்க பக்கத்துலதானே நின்னீங்க.”

“நின்னேன்.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் கையி நின்னுருக்கும்.”

சட்டி ஒரு பக்கம் மிதந்தது.

“எனக்கும் பத்துக்கு ஒண்ணா?”

“தராசு ஒண்ணுதானே வடிவு.”

“அதுக்கு மேல எல்லாருக்கும் ரெண்டு, எனக்கு மூணு.”

“ஒருத்தரும் பேசக்கூடாதேன்னுதான்...” என்று இழுத்தார். “நீயும் அத பெருமையாத்தானே சொல்லிக்கிட்ட.”

இந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். வடிவின் முதுகு ஒரு தரம் குலுங்கியது. அழுதாளா என்று தெரியாது, அவருக்கு முகம் தெரியவில்லை. அப்புறம் அவள் இருக்கையிலிருந்து இறங்கி முழங்காலிட்டு, துடுப்பை ஆழமாகப் போட்டு இழுத்தாள். பாதித் தண்ணீரோடும் முழுப் புருசனோடும் அந்தத் தோணியைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள் ஒருத்திதான்.

கரையில் இறங்கிய வடிவு நேராகப் பேச்சியம்மாவிடம் போனாள். எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

“நீ சொன்னதுதான் நெசம். பத்துக்கு ஒண்ணு திருடியிருக்காங்க. இந்த மனுசன் வாயாலயே சொல்லிட்டாரு.”

“எங்களுக்குத் தெரியும்,” என்றாள் பேச்சியம்மா. “நீதான் பாக்கி.”

“என்னையத் திருப்பி அடிச்சிரு.”

சினிமாவாக இருந்தால் தங்கை அக்காவைக் கட்டிப் பிடித்து அழுதிருப்பாள். பேச்சியம்மா அடித்தாள். சாக்குக்கும் தண்ணீருக்கும் எதுவும் கழிக்காமல், முழு எடையாக, ஐந்து விரலும் பதிய ஒன்று கொடுத்தாள். வடிவு தள்ளாடி நின்றாள். செல்லசாமி அன்றைக்கும் பக்கத்தில்தான் நின்றார், சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

திங்கட்கிழமை ஒருத்தியும் பையைத் தராசில் மாட்டவில்லை. முத்திரை குத்தின தராசு வந்தால்தான் நிறுவை என்று மடுவத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சின்னத் தொரை வந்தார். தராசைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தார். எங்கே கற்றாரோ, நன்றாகவே அடைந்தார். தராசு முழுக்க முழுக்கக் கணக்கப்பிள்ளையின் பொறுப்பில் இருந்தது, நிர்வாகத்துக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். செல்லசாமி தன் தோளைத் தொட்டுக் காட்டப்போனார். தொரை அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார். புதுத் தராசு வந்தது, புதுக் கணக்கப்பிள்ளையும் வந்தான். மாலை மரியாதை இல்லாமல் செல்லசாமி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

தோட்டம் அவரை அடிக்கவில்லை, அதைவிட மோசமாக ஒன்று செய்தது. அவர் சொல்வதில் எல்லாவற்றிலும் பத்துக்கு ஒன்று கூட்டியது. பஸ் பத்து மணிக்கு என்று அவர் சொன்னால், “அப்ப பதினொண்ணு” என்பார்கள். வயது அறுபது என்றால், “அறுவத்தாறா தாத்தா?” என்று சின்னப் பிள்ளைகள் கேட்கும். கடையில் அரைக் கிலோ சீனி கேட்டால் கடைக்காரன் நிறுத்துவிட்டு, அவரையே முள்ளைப் பார்க்கச் சொல்லுவான். அவர் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டார்.

சிவப்புத் தோணி மட்டும் சும்மா கிடக்கவில்லை. பேச்சியம்மா வடிவைவிட ஒடிசலான ஆள். இரண்டு பேரும் ஏறினால் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் தாராளமாக இருந்தது. மேனேஜருக்குப் புருசன் பெண்சாதிதான் வேண்டும் என்றில்லை, சமையலும் துடுப்பும் நடந்தால் போதும். சகோதரிகள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. முன்னால் பேச்சியம்மா, பின்னால் வடிவு. துடுப்புகள் மட்டும் ஒன்றாக விழுந்தன.

வடிவு புருசனை விட்டுப் போகவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்துக் கொடுத்தாள். ‘என்னங்க’ என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை. செல்லசாமி இதைப் பல நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை காலை, வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் நடுத்திட்டுக்குக் கிளம்பியபோது, கேட்காமலே சாமான் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். தோணியில் இறக்கி வைத்தார்.

“முப்பது கிலோ இருக்கும்” என்றார், பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று.

பேச்சியம்மா மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். அதிலிருந்து ஒரு அரிசிப் பையை எடுத்துக் கரையில் வைத்தாள். அவர் அதைப் பார்க்காததுபோல வடிவின் பக்கம் திரும்பினார். அழுகை உண்மையாகவே வந்தது.

“முப்பது வருசம் ஒங்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன் வடிவு. கை நீட்டி அடிச்சதில்ல. குடிச்சுட்டு வந்ததில்ல. அவ்வளவு நல்லதுக்கு முன்னால இந்த ஒரு பொய் எம்மாத்திரம், சொல்லு.”

வடிவு தோணியின் பின் இருக்கையில் உட்கார்ந்து துடுப்பைக் கையில் எடுத்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இதையும் ஒங்க தராசுலதான் நிறுத்தீங்களா?”

துடுப்பின் முனையால் கரையை ஒரு தள்ளுத் தள்ளினாள். தோணி நகர்ந்தது. செல்லசாமி அரிசிப் பையோடு நின்றார்.